பார்சலோனாவில் பார்க்காத கூரை

மல்வேர்னுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு நடுத்தர வயதுத் தம்பதி இருந்தார்கள்.

"பார்சலோனாவிலை மூண்டு நாள் நிண்டு நான் உம்மடை ஹான்ட்பாக்கைத்தான் பாத்தனான்," என்றார் கணவர்.

"பாஸ்போர்ட் துலைஞ்சிடும் எண்ட பயம் உங்களுக்கு. றால் போட்ட சோத்தைக்கூட ஹான்ட்பாக்கை மடியிலை வைச்சுக்கொண்டுதானே சாப்பிட்டனீங்கள்."

"எத்தினை வருசம் பாஸ்போர்ட் இல்லாமல் இருந்தனாங்கள்? அந்தப் பயம் இன்னும் போகேல்லை."

பஸ் இரண்டு தரிப்பிடங்களைத் தாண்டியது.

"றோட்டிலை நிண்டு, மீன் செதில் மாதிரிக் கூரை எண்டு ஒரு வீட்டைக் காட்டினீர். அது என்ன நிறம்?" என்று கணவர் கேட்டார்.

"பச்சை. அங்கங்கை நீலம்."

"நிமிர்ந்து பாத்திருக்கலாம்," என்றார் அவர்.

"ஓம். நான் மூண்டுதரம் கூப்பிட்டனானப்பா."