ஓடைக்கரையில் ஒரு குழிக்குப் பதினேழு விண்ணப்பங்கள்

மிலரா மழைக்காட்டின் மண்ணுக்குரிய மகளே! அட்டை அப்பிய காலோடு அந்தி வரை அலைந்த அயராமையே! முப்பத்தோராண்டு வனக்காப்பாளராய் நின்று இன்று ஓய்வு கொள்ளும் நோரீன் பார்லோ அம்மையீர்! வணக்கம்.

ரம்பம் ஏந்தி வந்தோரைப் போராடித் துரத்தி, இவ்வனம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட நாளில் ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்தே விழா எடுத்தது. மரம் வெட்டியவனைத் தடுத்த வேலி மரத்தடியில் பிறந்தவனையும் தடுத்ததை அன்று எவரும் எண்ணவில்லை. ‘மனிதர் கால் படாத காடு’ என்று வாயிலில் பலகை நட்டார்கள். அப்பலகைக்குப் பின்னே, ஓடைக்கரைக் குடியிருப்பில் பிறந்தவர் தங்கள் தாய்மாமன். மறைந்தவர் பெயரை உரைப்பது தங்கள் தொல்குடி மக்களின் வழக்கமன்று. மாமா என்றே சொல்கிறோம்.

நோயில் கிடந்த மாமா, பிறந்த ஓடைக்கரையிலேயே தம்மைப் புதைக்கக் கேட்டார். சட்டத்தில் இடமில்லை. சீருடையோடு அவர் கட்டிலருகே நின்று அதைச் சொல்லும் கொடுமை தங்களுக்கே வாய்த்தது.

“உனக்குச் சட்டை குடுத்தவன்கிட்ட கேளும்மா, நான் அங்க பொறந்தப்ப யாருகிட்ட அனுமதி வாங்குனேன்னு.”

“எழுதிப் போட்டிருக்கேன் மாமா. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

“நான் பொறுப்பேன். உசுரு பொறுக்கணுமே!”

பொறுக்கவில்லை. நகரத்து இடுகாட்டில், லாரி இரையும் நெடுஞ்சாலை ஓரம் புதைத்தார்கள். அவர் மகள் டாஃப்னி அன்று தங்களிடமிருந்து முகம் திருப்பியவர், திருப்பியவர்தாம்.

ஆண்டுக்கொன்றாகப் பதினேழு விண்ணப்பங்கள்! மேலதிகாரிகள் மாறினார்கள், மறுமொழி மாறவில்லை. வேலையை விட்டெறியலாமே என்று நாங்கள் கேட்டதுண்டு. “நானும் போயிட்டா, உள்ளேயிருந்து கதவத் தட்ட யாரு இருக்கா?” என்றீர்கள்.

சென்ற மே மாதம் அனுமதி வந்தது, ஒரே ஓர் உடலுக்கு மட்டும். நகரத்து இடுகாட்டில் தோண்டியெடுத்து மரப்பட்டையில் பொதிந்த எலும்புகளை மழையில் சுமந்து சென்றோம். மண்வெட்டியை எடுத்த தங்களிடம் டாஃப்னி பதினேழாண்டுக்குப் பின் வாய் திறந்தார்:

“நல்லா ஆழமா வெட்டு, நோரீன். தோண்டி எடுத்துட்டுப் போங்கன்னு மறுபடி கடுதாசி போடுவானுங்க.”

சிரிப்பதா அழுவதா என்று அறியாது நின்றோம். தாங்கள் இரண்டும் செய்யவில்லை. இன்னும் ஓரடி வெட்டினீர்கள்.

அம்மையீர்! முழங்கால் வலி தீர்ந்து, மழையோசை கேட்டு, நெடுநாள் வாழ்க! அந்தச் சட்டம் இன்னும் திருத்தப்படவில்லை. ஆகவே, தங்கள் நாள் நிறைந்து அவ்வோடைக்கரைக்குத் தாங்கள் திரும்பும்போது எவரும் தடுக்கலாகாதென, பதினெட்டாம் விண்ணப்பத்தில் இன்று காலை நாங்கள் அனைவரும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டோம்.

இங்ஙனம்,
தங்களோடு மழையில் நடந்த
மிலரா வனப் பணியாளர்கள்