மறைவு என்ற இடத்தில் ஒரு தேதி

தாம்பரத்தில் ரயில் கிளம்பும் நேரம். எதிர் சீட்டில் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்.

"மச்சான், எனக்குப் போட்ட கண்ணீர் அஞ்சலிய எடுத்துடுடா."

மற்றவனுக்கு நகக்கண்ணெல்லாம் நீல மை. குரோம்பேட்டையில் பேனர் கடை வைத்திருக்கிறானாம்.

"அது சும்மா டெஸ்டிங்டா. ஓசில வெப்சைட் குடுக்கறான்னு கடைக்கு ஒண்ணு தொறந்தேன். தமிழ் எழுத்து ஒழுங்கா வருதான்னு பாக்கணும். என்கிட்ட கீறது பூரா அஞ்சலி பேனருதான். செத்தவங்க படத்தப் போட்டா அவங்க வூட்ல பேஜாராயிடும். அதான் உன் போட்டோவ வச்சேன்."

"தோற்றம்னு என் பொறந்த தேதிய வேற போட்டுகீற."

"மறைவுன்ற எடத்த காலியாத்தானே வுட்டேன்?"

"இப்போ காலியா இல்ல. நேத்து பிரௌசிங் சென்டர்ல பாத்தேன். அங்கயும் ஒரு தேதி கீது."

பேனர் கடைக்காரன் சிரித்தான். "நீயே போட்டுட்டு என்னைக் கலாய்க்கிறியா?"

"பாஸ்வேர்டு உனக்கு மட்டும்தானே தெரியும்?"

சிரிப்பு நின்றது. "அம்மா சத்தியமா நான் அதத் தொட்டே பல மாசமாவுது மச்சான். இன்னா தேதி போட்டுகீது?"

"இன்னிக்கு."

குரோம்பேட்டையில் இறங்கிய கூட்டம் வழக்கம்போல் தண்டவாளத்தில் குதித்துக் குறுக்கே நடந்தது. பேனர் கடைக்காரன் மட்டும் நண்பனின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேம்பாலத்தில் ஒவ்வொரு படியாக ஏறினான்.