வெர்னாவின் ஏசிக்கு என்ன கோளாறு

கடந்த ஜூலை பத்தொன்பதாம் தேதி, அரிசோனாவின் மேசா நகரில் பகல் வெப்பம் நூற்றுப் பதினேழு டிகிரி ஃபாரன்ஹீட்.

இப்படிப்பட்ட நாளாகப் பார்த்துத்தான் ஏசி பழுதாகும் என்று இங்கே வீடு வைத்திருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். டிசம்பரில் பழுதானால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். பள்ளிகளுக்குப் பொருள் வாங்கும் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவன் நான். ஏசி பழுதுக்கு என்ன செலவாகும் என்று எங்கள் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆள் வந்து எட்டிப் பார்க்கத் தொண்ணூறு டாலர். கெப்பாசிட்டர் மாற்ற இருநூற்றைம்பது. விசிறி மோட்டார் என்றால் அறுநூறு. கம்ப்ரசரே போய்விட்டது என்றால் பழையதோடு மல்லுக்கட்டாமல் புதிய இயந்திரம் வாங்கிவிடுவது நல்லது. பக்கத்து வீட்டு வெர்னா ஹாக்ஸ்டெட்டுக்கும் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு எண்பத்தொரு வயது. தனியாக இருந்தார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய ஏசியின் வெளிப்பெட்டி என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தத்தோடு கிளம்பும். கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும். நின்றுவிட்டது என்று கண்ணை மூடினால் திரும்பக் கிளம்பும். மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை இதுதான். குடியிருப்போர் சங்கத்துக்குப் பலமுறை எழுதினேன். வீடு கட்டியவர்கள் வைத்த இடத்தில்தான் பெட்டி இருக்கிறது, விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. வெர்னாவிடம் நேரிலேயே கேட்டேன்.

"எனக்குக் காது மந்தமானதுல இது ஒண்ணுதான் லாபம், வெண்டல்" என்றார். சிரித்துவிட்டு, தன் மரத்தில் பறித்த பம்பளிமாஸ் பழங்களை ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். எனக்குப் பம்பளிமாஸ் பிடிக்காது.

முறையாகச் செய்ய வேண்டியதையெல்லாம் நான் முறையாகச் செய்தேன் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் வெளிப்பெட்டிக்கு அருகில், சுவரில், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மூடியைத் தூக்கினால் உள்ளே கைப்பிடி வைத்த ஒரு பிளக். பழுது பார்க்க வருபவர் மின்சாரத்தை நிறுத்துவதற்காக வைத்தது. பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பூட்டு கிடையாது. வெளிப்பெட்டி நின்றுவிடும். வீட்டுக்குள் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வருவது வெந்நீர்ப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிப்பது போன்ற காற்று.

முதன்முறை மே கடைசியில் இழுத்தேன். ஒரு மதியம் நிம்மதியாகத் தூங்க வேண்டும், வேறெதுவும் நினைக்கவில்லை. எழுந்தபோது வெர்னா வாசலில் நின்றார். ஏசி நின்றுவிட்டது, ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன், நான்கு மணிக்கு வருகிறார், நீங்களும் கூட இருந்தால் ஏமாற்ற மாட்டார்கள் என்றார். நான்கு மணிக்குச் சற்று முன்பு பிளக்கைச் செருகிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

வந்தவர் ரூபன் அர்மென்டா. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அளந்து பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை. ரூபன் நேர்மையான மனிதர்தான். ஆனால் தொண்ணூறு டாலர் வாங்கிக்கொண்டு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போக எந்த மனிதனாலும் முடியாது. கெப்பாசிட்டர் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றார், மாற்றினார். அடுத்த முறை நான் பிளக்கை இழுத்தபோது விசிறி மோட்டாரை மாற்றினார். யாரையாவது குற்றம் சொல்ல வேண்டுமென்றால், நன்றாக ஓடிய மோட்டாரைக் கழற்றியவர் அவர்.

மூன்றாவது முறையும் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "மிஸ் வெர்னா, இது என்னைப் பாத்தாலே பயந்து ஓட ஆரம்பிச்சிடுது. பேசாம என் போட்டோ ஒண்ண இதுமேல ஒட்டிட்டுப் போறேன்."

"ஒட்டுங்க" என்றார் வெர்னா. "ஆனா அதுக்கும் ஒரு தொண்ணூறு கேக்கக் கூடாது."

அன்றுதான் ரூபன் புதிய இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். பதினோராயிரம் டாலர். புதியது என்றால் பெட்டியை வீட்டின் மறுபக்கம் வைக்கலாம், அங்கே மரநிழல் இருக்கிறது என்று நான் சொன்னேன். ரூபன் ஒத்துக்கொண்டார். மின்கட்டணம் குறையும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். அது உண்மை. வெர்னாவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

வெர்னா யோசிப்பதாகச் சொன்னார். யோசித்து அவர் வந்து சேர்ந்த முடிவு எனக்கு எரிச்சலூட்டியது. அது தானாக நிற்கிறது, தானாகவே வந்தும் விடுகிறது, பிறகு எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று ரூபனைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, தொலைக்காட்சி பார்த்தார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. "பழகிடுச்சு வெண்டல், ரெண்டு மணி நேரத்துல வந்துடும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம் என்ன செய்வது? ஏசி நின்றிருக்கும் நேரத்தை நீட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை பிளக்கை இழுத்து, காரில் போட்டுக்கொண்டு, பேசன் என்ற ஊருக்குக் கிளம்பினேன். மலைமேல் ஒன்றரை மணி நேரப் பயணம். பைன் மரங்களும் நல்ல காற்றும் உண்டு. ஒருநாள் முழுக்க ஏசி இல்லாமல் இருந்தால் வெர்னா ஒரு முடிவுக்கு வருவார் என்று நினைத்தேன்.

மதியம் அவர் என்னை அழைத்தது போலீஸ்காரர்களான உங்களிடம் தொலைபேசிப் பதிவில் இருக்கிறது. உணவகத்தில் ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"வெண்டல், மறுபடியும் நின்னுடுச்சு. இந்தத் தடவை வரவே மாட்டேங்குது. எனக்குக் கொஞ்சம் தலை சுத்துது. ரூபனக் கூப்பிடட்டுமா?"

என் நிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ரூபன் வந்தால் சாம்பல் நிறப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார். உள்ளே பிளக் இருக்காது. அது என் காரில் இருந்தது. கோடை முழுவதும் நடந்தது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

"வேண்டாம், காத்திருங்க" என்றேன். "எதுக்கு வீணா தொண்ணூறு டாலர்? எப்பவும் போல தானா வந்துடும்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

உடனே கிளம்பியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். இரவுக்கு அறை எடுத்திருந்தேன். கட்டிய பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். சாயங்காலம் அவர் இன்னொரு முறை அழைத்தார். எடுக்கவில்லை. புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை திரும்பி வந்தேன். என்னிடம் அவர் வீட்டுச் சாவி ஒன்று உண்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவரே கொடுத்தது. திறந்து உள்ளே போனேன். வெர்னா நாற்காலியில் இருந்தார். கால்கள் வாளியில் இருந்தன. விசிறி சூடான காற்றை வீசிக்கொண்டிருந்தது. தொலைபேசி அவர் மடியில் கிடந்தது.

உங்களை அழைப்பதற்கு முன் வெளியே போய்ப் பிளக்கைச் செருகினேன். பெட்டி உடனே ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைத் தவிர அதில் எந்தக் கோளாறும் இல்லை.