மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம்

கையில் மணியோடு வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே, பிள்ளையைக் களத்துக்கு அனுப்பிவிட்டுப் பேரனைத் தோளில் சுமந்து வந்திருக்கும் பெரியோர்களே, காத்திருந்து கண் பூத்த தாய்மார்களே, படைவீரர் குடும்பங்களுக்குப் பண ஆலோசனை சொல்லப் பயின்று, இன்று சான்றிதழ் பெறவிருக்கும் இருபத்துநான்கு செல்வங்களே, வணக்கம்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். அவருடைய ஐந்து நிமிடம் எனக்குப் புதிதல்ல.

ஏழாண்டுகளுக்கு முன் என் கணவர் கடற்படைக் கப்பலில், நடுக்கடலில். கப்பலுக்குக் கைப்பேசி எட்டாது. கப்பலின் தளம் மாறுகிறது, பத்து நாளில் குடியிருப்பைக் காலி செய்யுங்கள் என்று ஆணை வந்தது. வீடு மாற்றக் கையில் பணமில்லை. முகாம் வாசலில் ஒரு வட்டிக்கடைக்காரர். "மூணு மணிக்கு வந்து கையெழுத்து மட்டும் போடும்மா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். வட்டி எவ்வளவு? நான் கேட்கவே இல்லை.

மூன்று மணிக்கு முன் முகாமின் பண ஆலோசனை அறையை எட்டிப் பார்க்க வந்தவள் கதவு மாறி நுழைந்தேன். அது நீங்கள் எழுதிய இதே தேர்வு நடக்கும் அறை. படைவீரர் மனைவியாக ஒரு நடிகை வந்து குறை சொல்வார். தேர்வு எழுதுபவர் இருபது நிமிடத்தில் வழி சொல்ல வேண்டும். நடிகை வரவில்லை, நான் வந்தேன். விடுவார்களா?

"உக்காருங்கக்கா, என்ன பிரச்சினை?" என்றார் தேர்வுக்கு வந்த தம்பி. அவர் கப்பலேறிய எட்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. ஓவென்று அழுதேன். மூலையிலிருந்த தேர்வு அதிகாரி தாளில் என்ன எழுதினார் தெரியுமா? 'அழுகை செயற்கையாக இருக்கிறது.'

சிரிக்காதீர்கள். எழுதியவர் கையில்தான் இப்போதும் மணி இருக்கிறது.

"மூணு மணி, கையெழுத்து" என்று உளறுவதற்கே பதினெட்டு நிமிடம் போயிற்று. தம்பி கணக்குப் போட்டாரா? கால்குலேட்டரைத் தொட்டாரா? காத்திருந்தார். மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுது தம்பி, மார்க் போயிரும்."

"போனா போகட்டும் சார். எங்க கையெழுத்துன்னு அக்கா இன்னும் சொல்லல."

சொன்னேன். "அதப் போடாதீங்கக்கா. வீடு மாத்தறதுக்குப் படையிலயே முன்பணம் உண்டு. கப்பலேறும்போது அவர் உங்க பேருக்கு அதிகாரப் பத்திரம் எழுதினாரா? அத வெச்சு நீங்களே கேக்கலாம்."

எழுதியிருந்தார். தையல் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கதவைத் திறந்து மூச்சிரைக்க ஒரு பெண். "மன்னிக்கணும் சார், பஸ் லேட்டு. நான்தான் அழ வேண்டிய ஆளு."

அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. முன்பணம் வந்தது, லாரி வந்தது, போன உயிரும் வந்தது. மணி அடித்த பிறகும் பேசிய ஐந்து நிமிடத்துக்காகத் தம்பிக்கு ஐந்து மதிப்பெண் போனது. உங்களுக்கு அவரே தலைமைப் பயிற்சியாளராகக் கிடைத்தார். எனக்கோ வேலையே கிடைத்தது. போன வாரம் உங்கள் தேர்வில் அழுதது யார்? நானேதான். இப்போதெல்லாம் செயற்கை என்று யாரும் எழுதுவதில்லை.

செல்வங்களே, சட்டம் கற்றீர்கள், சலுகை கற்றீர்கள், சேமிப்பும் கற்றீர்கள். எதிரே இருப்பவர் வாய் திறக்கும்வரை வாய் மூடியிருக்கக் கற்றீர்களா?

இதோ, தலைவர் மணி அடித்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் பின்வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு தங்கை, நான் பேசத் தொடங்கியதிலிருந்து ஒரு காகிதத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருக்கிறாள். உங்களில் ஒருவர் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். சான்றிதழ் எங்கும் ஓடிவிடாது.

மணி அடித்த தலைவருக்கும், மணியை மதிக்காத தம்பிக்கும் என் நன்றி, வணக்கம்.