கதவடி வாங்கு

கஸ்பார்: ரெண்டாம் மணியும் அடிச்சிட்டு. இன்னும் மரத்தடியிலதானா மச்சான்?

வஸ்தியான்: நீ உள்ளுக்க போ. நான் இவடத்தில நிண்டு பூசை காணுறன்.

கஸ்பார்: பூசை கோயிலுக்குள்ள நடக்கு. நீ வாவியப் பார்த்திட்டு நிக்காய். பாதர் என்ன, மீனுக்கா பிரசங்கம் வைக்கார்?

வஸ்தியான்: மீனாவது கேட்கும். நீ சபைத் தலைவர். உனக்கு முன்னுக்குக் கதிரை போட்டிருக்கு. அத விட்டிட்டுக் கதவடி வாங்குப் பலகையில இருந்து காத்து வாங்கி நித்திரை கொள்ளுறாய்.

கஸ்பார்: கதைய மாத்தாத. இண்டைக்கு உன்ட மகனுக்கு உறுதிபூசுதல். பிஷப் வந்து உடுப்பு மாத்துறார். எங்க அவன்?

வஸ்தியான்: அந்தா, சைக்கிளடியில. போடா போடா எண்டு சொல்லிட்டன். கேட்கிறானில்ல.

கஸ்பார்: நீ வெளிய நிண்டுகொண்டு அவனை உள்ளுக்க போகச் சொன்னா...? பக்கத்தில பாரு, இன்னும் நாலு பேர். வெள்ளைச் சேட்டும் போட்டு, உன்னைப் போலவே கையக் கட்டிக்கொண்டு நிக்கானுகள்.

வஸ்தியான்: அதுகளுக்கு அப்பன்மார் இல்லையா?

கஸ்பார்: ரெண்டு பேருக்கு இல்லை மச்சான். மற்ற ரெண்டு பேர்ட அப்பன்மாரும் கட்டாரில. இஞ்ச மிஞ்சிக் கிடக்கிறது நீயும் நானும்தான். சண்டைக் காலத்திலயும் வெளியதான் நிண்டாய். பொடியன்மாரப் பிடிக்க வேன் வந்தா ஆராவது காணோணும் எண்டாய். சரி எண்டம். இப்பதான் சண்டை முடிஞ்சிட்டே! பாலத்தடி ஆமிக்காரனே மண்மூட்டைய ஏத்திக்கொண்டு போயிட்டான். நீ மட்டும் இன்னும் சென்றிக் காவலில நிக்காய்.

வஸ்தியான்: அவனுக்கு மேலிடத்தில இருந்து ஓடர் வந்திருக்கும்.

கஸ்பார்: உனக்கு பிஷப்பே வந்திருக்கார். இதை விட மேலிடம் வேணுமா?

வஸ்தியான்: விசரா... சத்தம் போடாத. கேட்கப் போகுது.

கஸ்பார்: அப்ப என்னத்தைப் பார்க்காய் எண்டாவது சொல்லு.

வஸ்தியான்: வாவிக்குள்ள ஒரு கம்பு தெரியுதா? அடியில வெள்ளை அடிச்சது.

கஸ்பார்: வலை கட்டுற கம்பு.

வஸ்தியான்: வலைக்கில்லை. நான் நட்டது. கடல் வாய், முகத்துவாரம், திறந்திருந்தா, கடல் ஏற ஏற வாவியும் ஏறும். ஆனா மெல்லத்தான். வாய் சின்னன், வாவி பெரிசு. புனல் வைச்சு போத்தலுக்கு எண்ணெய் வார்க்கிற மாதிரி எண்டு வையன். ஒரு பூசை முடியிறதுக்குள்ள ஒரு விரல் ஏறினா, அது கடல் மூச்சு விடுறது. பயமில்லை. ஆனா அந்த வெள்ளை ஒரேயடியா மறைஞ்சா...

கஸ்பார்: மறைஞ்சா?

வஸ்தியான்: கடல் வருது. இவடத்தில இருந்து கடல் தெரியா, வீடுகள் மறைக்கும். வாவிதான் முதல்ல சொல்லும். அண்டைக்கும் அதுதான் சொன்னது. ஒரு காத்தில்லை, தோணியெல்லாம் மேற்கால இழுபட்டுது.

கஸ்பார்: நத்தாருக்கு அடுத்த நாள், சுனாமியண்டைக்கு...

வஸ்தியான்: ஞாயிற்றுக்கிழமை. உள்ளுக்க பாட்டு நடக்குது. நான் பீடி பத்த வெளிய வந்தவன். ஓடிப்போய்க் கத்தினன். மகன் கடைசி வாங்கில இருந்தான், கையில அம்பிட்டான். என்ட மனிசி, உன்ட தங்கச்சி, முன்னுக்கு, பாட்டுக்காரரோட. அவட்டப் போகக் கிடைக்கல்ல...

கஸ்பார்: தெரியும் மச்சான்.

வஸ்தியான்: தெரிஞ்சா மறுகா ஏன் கேட்காய்?

டிலக்சன்: அப்பா... மாமா... மணி அடிச்சிட்டு.

கஸ்பார்: உனக்குத்தான்டா அடிச்சது! ஓடிப்போய் முன் வாங்கில இரு.

டிலக்சன்: அப்பா வந்தா வாறன்.

வஸ்தியான்: அப்பா இஞ்ச நிப்பன் மகன். நீ போ.

டிலக்சன்: அப்ப நானும் நிக்கன். நீங்க கம்பைப் பாருங்க, நான் பாலத்துப் பக்கம் பார்க்கன்.

வஸ்தியான்: கம்பா? கம்பைப் பத்தி உனக்கு ஆரு சொன்ன?

டிலக்சன்: ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க பார்க்கிறதைப் பார்த்துப் படிச்சன். அவனுகளுக்கும் சொல்லிக் குடுத்திட்டன்.

கஸ்பார்: கேட்டயா மச்சான்? மறைக்கல்விக்கு வாத்தியார் இல்லையெண்டு பாதர் கவலைப்படுறார். வாத்தியார் இஞ்ச மரத்தடியில நிக்கார். அஞ்சு பேரும் நல்லாப் படிச்சிருக்கானுகள்!

வஸ்தியான்: பகிடி விடாத... பொடியன் உயிரோட இருக்கோணும். வேற ஒண்டும் நான் நினைக்கல்ல.

கஸ்பார்: இருக்கான். அந்தா, உன்னைவிட உயரமா நிக்கான். மறுகா என்ன?

டிலக்சன்: அப்பா உள்ளுக்க வந்தா, வெளிய ஆரு பார்க்கிற மாமா?

கஸ்பார்: நான்.

வஸ்தியான்: நீயா! எல்லாருக்கும் முதல் உள்ளுக்க போறவன் நீ.

கஸ்பார்: இண்டைக்கு மட்டும் நீ போ. பிந்திப்போனா பிஷப் என்னைத்தான் பேசுவார்.

டிலக்சன்: பாட்டும் தொடங்கிட்டு அப்பா.

வஸ்தியான்: சேட்டுத் தெறியப் பூட்டு மகன். போய் அவனுகளையும் கூட்டிக்கொண்டு வா. நாலு பேரையும். எல்லாரும் என்னோட இருக்கட்டும்.

கஸ்பார்: அப்படிச் சொல்லு!

வஸ்தியான்: கஸ்பார், வெள்ளைய விட்டுக் கண்ணை எடுக்காத. மறைஞ்சா உடனே மணிக்கயித்த இழு.

கஸ்பார்: சரி.

வஸ்தியான்: பூசை முடியுமட்டும் பார்க்கோணும். ஆரும் கதை குடுத்தாலும் அந்தப் பக்கம் கிறுகிப் பார்க்காத. உனக்கு ஏலுமா? நீ காத்துக்கு வாங்கு தேடுறவன்...

கஸ்பார்: அந்த வாங்கில ஏது மச்சான் காத்து? அவடத்தில இருந்தாத்தான் நீ தெரிவாய். கம்பு தெரியா, வாவி தெரியா, உன்ட முதுகு மட்டும் தெரியும். நீ ஆடாம நிண்டா என்ட வாயில செபம் வரும். நீ கொஞ்சம் அசைஞ்சா நிண்டிரும். என்ட தங்கச்சி போன நாளில இருந்து நான் அப்படித்தான் பூசை கண்டது... போ, வாறானுகள். முன் வாங்கில இருந்து மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்காத. நீ திரும்பினா அஞ்சு தலை திரும்பும்.