ஆளுக்கு ஒரு நூல்

உங்கள் சட்டையின் இடது தோள் அரை விரல் இறங்கியிருக்கிறது. தைத்தவர் மேல் குற்றம் இல்லை, உங்கள் தோளே அப்படி. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்தத் தோள் இருந்திருக்கும், வீட்டில் கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை அளவு கொடுக்கும்போது அந்தப் பக்கம் சின்னதாக ஒரு பட்டை உள்ளே வைக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

நான் தையல்காரி என்பது உங்களுக்கே தெரியும். கடைத்தெருவில் இரும்புப் படி ஏறினால் மாடியில் என் கடை. இத்தனை வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் முகங்களை அல்ல, உடம்புகளை. அப்பாவுக்கு முதுகு வளைந்திருந்தால் பையனுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும்போதே முதுகுத் துண்டை ஒரு விரல் கூடுதலாக வெட்டிவிடுவேன். பையன் அப்போது நேராகத்தான் நிற்பான். பரவாயில்லை, வளைவான். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சொல்லிவைத்தவர்கள் அப்பாவைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை.

அவர் பஸ் ஓட்டினார். அதிர்ந்து பேசாத மனிதர். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒருநாள் சாப்பிட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மேஜைமேல் தாளம் போட்டன. ஏதோ பாட்டு மனதில் ஓடுகிறது என்று நினைத்தேன். "என்ன பாட்டு?" என்று கேட்டேன். "பாட்டா? என்ன பாட்டு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். விரல் ஆடுவது அவருக்கே தெரியவில்லை.

பிறகு தோள் ஆடியது, நடை ஆடியது. குடித்துவிட்டு வண்டி எடுக்கிறார் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவர். பேச்சு குழறியது, சோறு தொண்டையில் சிக்கியது, பெற்ற பிள்ளைகளின் முகம் மறந்தது. கடைசியில் கட்டிலோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கென்று நான் அகலமான பட்டைகள் தைத்தேன், தோலில் பதியாதபடி உள்ளே பஞ்சு வைத்து. அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வாயைத் திறந்தாள். அவர்களுடைய அம்மாவும் அப்படித்தான் போனாளாம். கல்யாணத்துக்கு முன்னால் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது பின்னறை பூட்டியிருந்தது. தட்டுமுட்டுச் சாமான் என்றார்கள். உள்ளே ஏதோ முனகியது எனக்குக் கேட்டது. பூனை என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நரம்பு டாக்டர் பொறுமைசாலி. என்னை உட்கார வைத்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"நீங்க தைக்கறவங்க, அதனால இப்படிச் சொல்றேன்மா. ஒவ்வொருத்தர் உடம்புலயும் இதுக்குன்னு ரெண்டு நூல் இருக்குன்னு வெச்சுக்கங்க. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு நூல் நல்லது, ஒரு நூல் கெட்டது. கெட்டது ஒண்ணு இருந்தாலே போதும், நோய் வந்துடும். அவர் பிள்ளைக்குக் குடுக்கறது அந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணுதான்."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அப்ப ஒண்ணு தப்பிச்சுடும்" என்றேன்.

"அப்படி இல்லம்மா. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா எடுத்துக் குடுக்கற மாதிரி. ரெண்டு பேருக்கும் நல்லதே வந்திருக்கலாம். ரெண்டு பேருக்கும் கெட்டதே வந்திருக்கலாம். ஒருத்தருக்குக் குடுத்துட்டதால அந்த நூல் தீர்ந்து போறதில்ல."

நூல் தீராதாம். தையல்காரியிடம் சொல்கிறார். படித்தவர்களுக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். இரண்டு நூல், இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஒன்று. இதற்குமேல் அதில் என்ன இருக்கிறது? வயது வந்த பிறகு பிள்ளைகள் விரும்பினால் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்களுக்குத் தேவைப்படாது என்றேன். மனதைத் திடமாக வைத்திருக்கிறேன் என்று என்னைப் பாராட்டினார்.

எந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்க எனக்கு ரத்தம் வேண்டாம், டேப் போதும். என் வீட்டுக்காரருக்குச் சட்டை வெட்ட ஒரு காகித அளவு வைத்திருந்தேன். பெரியவன் வளர்ந்ததும் அது அவனுக்கு அப்படியே பொருந்தியது, ஒரு இடத்தில்கூடத் திருத்தவில்லை. அதே இறங்கின தோள், அதே நீளக் கை, தலையில் அதே இரட்டைச் சுழி. வெயிலில் வந்து நின்றால் தும்முவதுகூட அப்பாவேதான். சின்னவள் என்னை உரித்து வைத்தவள். என் நெற்றி, என் குட்டை விரல், என் பிடிவாதம். ஜாடை வேறு, இந்த நோய் வேறு, ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். கேட்டுக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களும்தான் நான் இளைத்துவிட்டேன், இடுப்பை இறுக்கிப் பிடி என்று சொல்வார்கள். அதையும் கேட்டுக்கொள்வேன். டேப் சொல்வதைத்தான் வெட்டுவேன்.

அன்றிலிருந்து பெரியவனுக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டேன். காசை மட்டும் சொல்லவில்லை. சாயம் போகப்போகிற துணிக்கு யாராவது லைனிங் வைத்துத் தைப்பார்களா? பள்ளியிலிருந்து நிறுத்திக் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்க உட்கார வைத்தேன். கணக்கில் அவன்தான் வகுப்பில் முதல். அவனுடைய வாத்தியார் மூச்சு வாங்கப் படி ஏறி வந்து, இந்தப் பையனை வீணாக்காதீர்கள் என்று கெஞ்சினார். அவருக்கு ஒரு கால்சட்டை ஆல்டர் செய்து கொடுத்து அனுப்பினேன், கூலி வாங்கவில்லை. பெரியவனுக்குப் பல்வலி என்றால் கிராம்பு. சின்னவளுக்குப் பல் லேசாகக் கோணல் என்று கம்பி போட்டேன். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கையை நீட்டுவான். எனக்கு அப்போது கையில் கத்தரி இருக்கும்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனாம்மா?" என்று ஒருமுறை கேட்டான்.

இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டதும் அவன்தான். வரப்போவதை இப்போதே பார்த்துப் பழகட்டும் என்று விட்டுவிட்டேன். சின்னவளை அந்த அறைப் பக்கமே சேர்க்கவில்லை. பெரியவன் சோற்றை உருட்டி அப்பா வாயருகே கொண்டுபோய், "உள்ள போங்க, உள்ள போங்க, இடம் நிறைய இருக்கு, படியில நிக்காதீங்க" என்று பஸ் கண்டக்டர் குரலில் சொல்வான். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பார். நான் ஊட்டினால் துப்புவார்.

கைவேலையில் பெரியவனை மிஞ்ச ஆளில்லை. மின்சாரம் போன இருட்டிலும் நூலை நாக்கில் நனைத்து ஒரே முறையில் கோத்துவிடுவான். முப்பது தாண்டியும் அந்த விரல்கள் நடுங்கவில்லை. தினமும் காலையில் அவன் டம்ளரை எடுக்கும்போது நான் பார்ப்பேன். நல்ல வேளை இன்னும் வரவில்லை என்று ஒரு தாய்க்குத் தோன்ற வேண்டும். எனக்கு, ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் தோன்றியது.

சின்னவள் படித்தாள், நல்ல வேலையில் சேர்ந்தாள், நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அவளுடைய அப்பா குடித்தே செத்தார் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்தேன். குடி பிள்ளைகளுக்கு ஒட்டாது பாருங்கள். என் மாமியார் வீட்டார் எனக்குச் செய்ததைத்தானே நானும் செய்தேன் என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் இருக்கிற நோயை மறைத்தார்கள். நான் இல்லாத நோயை மறைத்தேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷினுக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்ததுதான் நான் செய்த பிசகு. சரியான வாயாடி. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே அவளும் பெரியவனும் நெருங்கிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்கிறோம் என்று வந்து நின்றான். அன்றுதான் அவனிடம் நூல் விஷயத்தைச் சொன்னேன். உனக்குப் போய்க் கல்யாணமா என்றும் சொன்னேன். தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது முதல் எல்லாவற்றுக்கும் காரணம் அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான்.

"ரிசல்ட் வரக் கொஞ்ச நாள் ஆகுமாம்மா. அவகிட்ட ஒண்ணு விடாம சொல்லிட்டேன். வந்தா வரட்டும், பாத்துக்கலாம்கறா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "தங்கச்சிகிட்டயும் சொல்லணும். அவ வயித்துல பிள்ளை இருக்கு. அவளும் பாத்துக்கறது நல்லது" என்றான்.

"அவளுக்கு இல்லடா."

"அது உனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் அவளுக்கும் தனித்தனின்னு டாக்டர் சொன்னாரே. எனக்கு இல்லாம அவளுக்கு இருந்துட்டா?"

அவன் கணக்கில் கெட்டிக்காரன் என்று சொன்னேன் அல்லவா. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. ஆளுக்கு ஒரு நூல். அவனிடம் இருப்பது நல்ல நூல் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால், மற்றது யாரிடம் போகும்? அன்று நான் வெட்டிய துணி முழுவதும் வீணாயிற்று. எனக்குப் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரரைக் கட்டிலில் கட்டியபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

ஆகவே ரிசல்ட் வருவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. அவனிடம் இருந்தது கெட்ட நூல் என்று யாரும் மாற்றிச் சொல்ல முடியாதபடி ஆகிவிட வேண்டும்.

அந்த நோய்க்காரர்கள் விழுவார்கள். அவனுடைய அப்பா விழாத படி கிடையாது. பழைய மெஷினின் தலையைக் கழற்றி, கீழே பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துவிட்டு வா என்றேன். நல்ல கனம். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டான். படியின் உச்சியில் நின்று திரும்பி, "எனக்காகக் காத்திருக்காதம்மா, நேரத்துக்குச் சாப்பிடு" என்றான். சரி என்றேன். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும், இறங்கின தோளுக்குச் சற்றுக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தள்ளினேன். அக்குளில் தையல் விட்ட சத்தம் கேட்டது. நான் தைத்த சட்டைதான். மெஷினை அவன் கீழே போய்ச் சேரும்வரை விடவில்லை. விட்டிருந்தால் கைப்பிடியைப் பிடித்திருக்கலாம். கடைச் சாமான் உடைந்துவிடக் கூடாது என்று பார்த்தான் போலிருக்கிறது.

அழுதேன். அது நடிப்பில்லை. அப்பாவுடைய வியாதி, கால் தடுமாறிவிட்டது என்று வந்தவர்களிடம் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள், நீங்களும்தான். ரிசல்ட் வந்த அன்று ஓவர்லாக் பெண் நேராக ஸ்டேஷனுக்கே உங்களிடம் வந்துவிட்டாள். கெட்ட நூல் இல்லாதவன், தினம் ஏறி இறங்குகிற படியில் ஏன் விழுந்தான் என்று கேட்டாளாம். நோய் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடம் வந்திருக்காது. எனக்கு மெஷின்களைத் தெரியும். நல்ல மெஷினும் சில நாள் தையல் விட்டுவிட்டு ஓடும். ரத்தம் பார்க்கிற மெஷினும் மெஷின்தானே.

எழுதிக்கொள்ளுங்கள். என் மகனை நான்தான் தள்ளினேன். யாரும் தூண்டவில்லை, புத்தி பேதலிக்கவும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். சின்னவளிடம் ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம். இரண்டு நூலில் ஒன்று அந்தப் படியிலேயே அறுந்துவிட்டது. மிச்சம் இருப்பது நல்ல நூல்.

காலையில் அவள் வந்திருந்தபோது நீங்களும் இருந்தீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "அண்ணன் உன்ன என்னம்மா பண்ணான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். உனக்காகத்தான் என்றேன். அவளுடைய இடது கை இந்த மேஜைமேல், இதோ இங்கே இருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மெல்லத் தாளம் போட்டன. நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் நினைப்பது தவறு. இந்த அறையில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்று எனக்கும் தெரியும். மனதுக்குள் ஓடியிருக்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பாட்டு என்றால் உயிர். என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை.