உண்மையான நிறை

லண்டனில் நோர்பரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் மற்றவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மச்சாள், உங்கட நிறை எவ்வளவு? உண்மையைச் சொல்லுங்கோ."

"அறுபத்தைஞ்சு."

"நான் ஓட்டுறது சின்ன பிளேன், மச்சாள். அண்ணையையும் சேத்து நாலு பேரின்ர நிறையையும் கூட்டிப் பாத்துத்தான் மேல எழும்பலாம்."

"அஞ்சு பத்துக் கிலோவில என்ன வரப்போகுது?"

"எழும்பாமல் போகலாம். ஓடுபாதை முடிய மரங்கள்தான் நிக்குது. ஏதும் நடந்தா நான்தான் பொறுப்பு."

மற்றவள் யன்னல் பக்கம் திரும்பினாள். "எழுபத்தெட்டு. உன்ர அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதை."

இளையவள் போனில் கூட்டிப் பார்த்தாள். "கூடிப்போச்சு."

"பெற்றோலைக் கொஞ்சம் குறைச்சு அடியன்."

"அதில கை வைக்கமாட்டன்."

"அப்ப நான் வரேல்லை."

"நீங்கள் வாறியள். அண்ணை கீழ நிண்டு கை காட்டட்டும்."